திருநெல்வேலி நிலாவிரை: ஓர் இலையின் தரம் அளக்கப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நிலாவிரை இலை உலக மருந்துச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. அதன் தரத்தை அறிய 19-ஆம் நூற்றாண்டு முதல் மேற்கொள்ளப்பட்ட உருவியல், நுண்ணோக்கி, வேதியியல் ஆய்வுகளின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. தரநூல்கள் அளக்கும் சென்னோசைடு, இலை உலரும்போதே பெரிதும் உருவாகிறது என்னும் முடிபை முன்வைத்து, மூலிகைத் தரம் எங்கே உருவாகிறது, எப்பயனை நோக்கி அளக்கப்படுகிறது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: நிலாவிரை, ஆவிரை, சென்னோசைடு, மருந்துத் தரநூல், கலப்படம், வண்ணப்பிரிகை, சித்த மருத்துவம்

முன்னுரை

ஓர் ஊரின் பெயர் ஒரு வேதிச்சேர்மத்தின் பெயராக அமைவது அரிது. 1981-இல் பெல்ஜிய நாட்டு மருந்தியல் அறிஞர் லெம்லியும் அவர்தம் குழுவினரும் நிலாவிரையிலிருந்து பிரித்தறிந்த நாப்தலீன் வகைச் சேர்மம் ஒன்று ‘டின்னெவெல்லின்’ கிளைக்கோசைடு என்று வழங்குகிறது. திருநெல்வேலியை ஆங்கிலேயர் எழுதிய முறையே இச்சொல்லுக்கு மூலம். ஆய்வாளர்கள் ஊருக்குச் சிறப்புச் செய்யக் கருதி இட்ட பெயர் அன்று இது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அவ்விலை அப்பெயராலேயே விற்கப்பட்டு வந்தது. சரக்கின் பெயர் சேர்மத்தின் மேல் ஏறியது.

நிலாவிரை, நிலவாகை, நிலாவரை எனப் பலவாறு தமிழில் வழங்கும் இச்செடி தமிழகத்தின் தொல்குடிச் செடி அன்று. அரேபியா, ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி ஆகியவற்றின் வறள்நிலத்துக்கு உரியது. ஆயினும் அதன் இலையின் தரம் எது என்பது குறித்து மருந்தியல் உலகம் நடத்திய நெடிய விவாதத்தில் தென்பாண்டி நாட்டின் சரக்கு தொடர்ந்து ஓர் அளவுகோலாக நின்றுள்ளது. மூலிகை இலைகளின் தரக்கட்டுப்பாட்டு வரலாற்றை ஒரே செடியைக் கொண்டு கற்க வேண்டுமாயின், நிலாவிரையைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

சரக்கு வந்த வழியும் கலப்படமும்

சென்னாவை மருந்தாக ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியோர் அரபு மருத்துவர்கள். நைல் ஆற்றின் மேற்பகுதிகளில் பறிக்கப்பட்ட இலை, எகிப்து வழியாக அலெக்சாந்திரியத் துறைமுகத்தை அடைந்து ‘அலெக்சாந்திரிய சென்னா’ ஆயிற்று. அரேபியாவில் பறிக்கப்பட்ட இலையில் ஒரு பகுதி பம்பாய்க்கு வந்து அங்கிருந்து மறுஏற்றுமதியாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜார்ஜ் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலிப் பகுதியில் இதனைப் பயிரிடத் தொடங்கினார். காட்டில் பறிக்கும் சரக்கு வயலில் விளையும் சரக்காக மாறியது என்பதே இதன் முதன்மை.

இந்த மாற்றத்தின் பயனை அக்காலத்துக் கலப்பட நிலையோடு ஒப்பிட்டே உணர முடியும். கெய்ரோவை அடுத்த பூலாக் கிடங்குகளில் அலெக்சாந்திரிய இலையோடு ‘ஆர்கெல்’ என்னும் வேறொரு குடும்பத்துச் செடியின் இலையைக் கலப்பது ஏறக்குறைய வணிக வழக்கமாகவே இருந்தது. கொரியாரியா என்னும் நச்சுச் செடியின் இலையும் சில சமயங்களில் கலந்து வந்தது. இது உயிருக்கே ஊறு செய்யவல்லது. திருநெல்வேலிச் சரக்கோ பெரிய, முழுமையான, பிற இலை கலவாத இலைகளாக வந்து சேர்ந்தது. 1864-இல் வெளிவந்த முதல் பிரித்தானிய மருந்துத் தரநூல், அலெக்சாந்திரிய சென்னா, இந்திய சென்னா ஆகிய இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதற்கு மருந்தியல் பாடநூல்கள் கூறும் அடையாளங்களுள் ஒன்று ஆராய்ச்சிக்கு உரியது. திருநெல்வேலி இலையின் மேற்பரப்பில் குறுக்காகவோ சாய்வாகவோ கோடுகள் பதிந்திருக்கும் என்பதே அது. இக்கோடுகள் செடியின் இயல்பு அல்ல. இலைகளைப் பொதியாக இறுக்கி அழுத்தியபோது ஓர் இலையின் விளிம்பும் நரம்பும் மற்றோர் இலையில் பதிந்த தழும்புகள். பொதி கட்டிய தொழிலாளியின் கைவினை மருந்தியல் நூலில் இலையின் ‘உருவியல் பண்பாக’ இடம்பெற்றுவிட்டது. தாவரத்தின் இயல்பையும் சரக்கின் இயல்பையும் பிரித்துக் காணாத இப்போக்கு பின்னர் வேதியியலிலும் தொடர்ந்தது.

திருநெல்வேலிச் சரக்குக்கும் கலப்படம் வந்தது. அது வந்தது ஆவிரையிலிருந்து. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இடம்பெறுவதும், சங்க அகப்பாடல்களில் மடலேறும் தலைவன் சூடுவதுமான அதே ஆவிரை, மருந்து வணிகத்தில் ‘பால்தே சென்னா’ என்னும் பெயரில் ஒரு போலிச் சரக்காக அறியப்படுகிறது. ‘நிலாவிரை’ என்னும் சொல்லையே நில ஆவிரை எனப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அயலிலிருந்து வந்த செடிக்குத் தமிழர் தாம் அறிந்த செடியின் பெயரைக் கொண்டே பெயர் இட்டனர் என்று கருத இடமுண்டு. பெயரால் உறவாகிய இரு செடிகளும் தாவரவியல் வகைப்பாட்டிலும் நெருங்கியவையே. வேதியியலில் மட்டும் பிரிவு கூர்மையாகத் தெரிகிறது. 80% கந்தக அமிலம் பட்டதும் ஆவிரை இலை செங்குருதி நிறமாக மாறும். நிலாவிரை இலை அவ்வாறு மாறாது. ஒரு சொட்டு அமிலத்தில் முடியும் இச்சோதனை, கருவிகள் பெருகிய இந்நாளிலும் மாணவர்க்குக் கற்பிக்கத் தக்கது.

நுண்ணோக்கி தந்த எண்கள்

இலை முழுதாக இருக்கும்வரை கண்ணால் காண்பது போதும். தூளாகிவிட்டால் நுண்ணோக்கி தேவை. நிலாவிரை இலையில் மேல், கீழ் ஆகிய இரு புறத்தும் வேலிக்கால் திசு அமைந்திருக்கும். பரு போன்ற புள்ளிகள் கொண்ட ஒற்றைச்செல் மயிர்கள் காணப்படும். நரம்பின் நார்களைச் சுற்றிக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஆர்கெல் இலையின் மயிர்களோ இரண்டு அல்லது மூன்று செல்களால் ஆனவை. ஒரு சிட்டிகைத் தூளில் இத்தகைய மயிர் ஒன்று தென்பட்டாலே கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் திருநெல்வேலி இலைக்கும் அலெக்சாந்திரிய இலைக்கும் இப்பண்புகள் பொதுவானவை. அங்கே எண்ணிக்கை புகுந்தது. 1925-இல் சோர்னிக், வைஸ் ஆகியோர் ஒரு புறத்தோல் செல்லின் கீழ் எத்தனை வேலிக்கால் செல்கள் உள்ளன என்று எண்ணும் முறையைக் கொணர்ந்தனர். 1927-இல் சாலிஸ்பரி இலைத்துளைக் குறியீட்டை வகுத்தார். 1929-இல் லெவின், நுண்நரம்புகளால் சூழப்பட்ட சிறு பரப்புகளை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று கணக்கிட்டார். இம்முறைப்படி அலெக்சாந்திரிய இலையில் அவ்வெண் 25 முதல் 29.5 வரையும், திருநெல்வேலி இலையில் 19.5 முதல் 22.5 வரையும் அமைகின்றது. இரு வீச்சுகளும் ஒன்றையொன்று தொடவில்லை. தூளிலும் ஊரைச் சொல்ல முடிந்தது.

பின்னர்த் தாவரவியலார் இவ்விரண்டையும் சென்னா அலெக்சாண்டிரினா என்னும் ஒரே இனமாக இணைத்தனர். இதனால், பல்லாண்டுக் காலம் இரு இனங்களைப் பிரிப்பதாகக் கருதப்பட்ட எண்கள் ஓர் இனத்துக்குள் அமைந்த இரு நிலத்துச் சரக்குகளைப் பிரிக்கும் எண்களாயின. எண்கள் பொய்யாகவில்லை, அவை எதைக் குறிக்கின்றன என்பதே மாறியது. முன்னர்க் குறித்த டின்னெவெல்லினின் பயனும் இவ்வகையதே. திருநெல்வேலிச் சரக்கில் அதுவும், அலெக்சாந்திரியச் சரக்கில் ஹைட்ராக்சிமியூசிசின் கிளைக்கோசைடும் காணப்படுவதால், மென்படல வண்ணப்பிரிகைத் தகட்டில் இரண்டையும் வேறுபடுத்தலாம். டின்னெவெல்லின் சரக்கின் ஊரை அறிவிக்கும். அதன் பேதி வலிமையைப் பற்றி ஒன்றும் அறிவிக்காது.

செயற்படும் பொருளைத் தேடி

இலை உண்மையானது என்று தெளிந்தபின் எழும் வினா, அதில் மருந்து எவ்வளவு என்பது. இதற்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1821-இல் லாசேன், ஃபெனூல் என்னும் பிரெஞ்சு வேதியியலார் ‘கதார்ட்டின்’ என்றொரு பொருளை அறிவித்தனர். 1866-ஐ ஒட்டித் தோர்ப்பாட்டில் திராகெண்டார்ஃபும் குப்ளியும் ‘கதார்ட்டிக் அமிலம்’ என்றனர். இரண்டும் தூய சேர்மங்கள் அல்ல, கலவைகள். 1880-இல் போர்ன்ட்ரேகர் கண்ட சோதனை ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. ஆந்திராகுவினோன்கள் காரத்தில் இளஞ்சிவப்பு நிறம் தருவதே அதன் அடிப்படை. எளிமையும் விரைவும் உடைய இந்நிறம் ஆய்வாளர்களைக் கவர்ந்தது. நிறம் தரும் பொருளே மருந்து என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. 1913-இல் இலண்டனில் டுட்டின் என்பார் சென்னா இலையிலிருந்து ரெயின், ஆலோ-எமோடின் முதலியவற்றைத் தெளிவாகப் பிரித்தெடுத்தார்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நீங்கவில்லை. இலையைக் கொதிக்கவைத்துப் பெற்ற ஆந்திராகுவினோனின் அளவும், அதே இலை நோயாளியிடத்துக் காட்டிய வலிமையும் ஒத்துப்போகவில்லை. பிரித்தெடுத்த தூய பொருளைக் காட்டிலும் எளிய இலைக்கசாயம் வலிமை மிக்கதாக இருந்தது. முழு இலையின் ஆற்றலைப் பிரிக்க இயலாது என்பார்க்கு இது சான்றாகத் தோன்றியிருக்கலாம். உண்மைக் காரணம் வேறு: பிரித்தெடுத்த முறையே செயற்படும் பொருளைச் சிதைத்துக்கொண்டிருந்தது.

1941-இல் பாசல் நகரின் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆர்தர் ஸ்டோல், பெக்கர், குஸ்மௌல் ஆகியோர் சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி ஆகியவற்றைப் படிகமாகப் பெற்றனர். இரண்டு ஆந்திரோன் அலகுகள் ஒன்றோடொன்று இணைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை அலகு ஒட்டிய இரட்டை அமைப்பு இவற்றுக்கு உண்டு. வலிய அமிலம், காரம், வெப்பம் ஆகியவற்றால் இவ்வமைப்பு எளிதில் கலைந்துவிடும். இலண்டன் மருந்தியல் கல்லூரியைச் சார்ந்த ஃபேர்பேர்ன், சர்க்கரை இணைந்த வடிவம் இணையாத வடிவத்தைக் காட்டிலும் பன்மடங்கு வலியது என்பதை 1949 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினார். அதே 1949-இல் லூ என்பார் வெளியிட்ட உயிரியல் அளவைமுறை, மருந்து ஊட்டப்பட்ட சுண்டெலிகளின் ஈரமான எச்சங்களை எண்ணுவதாகும். நாகரிகமற்றதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கைதான் வேதியியல் அளவீடுகளுக்கு உரைகல்லாக அமைந்தது. எச்சத்தின் எண்ணிக்கையோடு ஒத்துவந்த அளவைமுறையே மருந்தை அளந்தது. ஒவ்வாதது நிறத்தை மட்டுமே அளந்தது.

தரநூலின் அளவைமுறை

ஐரோப்பிய மருந்துத் தரநூலிலும், 1999-இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலிகை விவரநூலின் முதல் தொகுதியிலும் சென்னா இலைக்கு விதிக்கப்பட்ட அளவு ஒன்றே: ஹைட்ராக்சி ஆந்திரசீன் கிளைக்கோசைடுகள், சென்னோசைடு பி எனக் கணக்கிட்டு, 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஐரோப்பிய நூல் கூறும் செய்முறையின் ஒவ்வொரு படியும் முந்தைய நூற்றாண்டின் ஒரு தோல்விக்கு விடையாக அமைந்துள்ளது.

0.150 கிராம் இலைத்தூளை நீரில் மீள்கொதிப்புச் செய்து வடிக்கின்றனர். வடிநீரில் சிறிது நீர்த்த அமிலம் சேர்த்துக் குளோரோஃபார்மால் மும்முறை கழுவி, அக்குளோரோஃபார்மைக் கொட்டிவிடுகின்றனர். சர்க்கரையை இழந்து தனித்து நிற்கும் ஆந்திராகுவினோன்கள் அதனோடு வெளியேறுகின்றன. டுட்டின் காலத்தில் மருந்தெனக் கொள்ளப்பட்டவை இன்று அளவீட்டின் முதற்படியிலேயே கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நீரில் ஃபெரிக் குளோரைடு இட்டு மீண்டும் கொதிக்கவைத்து, பின்னர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பர். ஃபெரிக் குளோரைடு இரட்டை அமைப்பைப் பிளந்து ஆக்சிஜனேற்றுகிறது. அமிலம் சர்க்கரையை நீக்குகிறது. விளைந்த பொருளை ஈதரில் பிரித்து, உலர்த்தி, மெத்தனாலில் கரைந்த மெக்னீசியம் அசிட்டேட்டுடன் சேர்க்கும்போது செந்நிறம் தோன்றும். அந்நிறத்தின் ஒளி உட்கவர்திறன் 515 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இறுதியில் கிடைக்கும் எண் சென்னோசைடு பி-யின் அளவு அன்று. ஏ, பி, சி, டி ஆகிய அனைத்தும், அவற்றோடு ஒற்றை ஆந்திராகுவினோன் கிளைக்கோசைடுகளும் சேர்ந்து தரும் நிறத்தை, அனைத்தும் பி-யே எனக் கொண்டு கணக்கிட்ட ஒரு மரபெண் அது. ஆய்வேடுகளில் இவ்வெண்ணை ‘சென்னோசைடு பி 2.7%’ என்பதுபோல் எழுதுவது அளவைமுறையைத் தவறாக உணர்ந்ததன் விளைவாகும். தனித்தனிச் சேர்மத்தை அளக்க வேண்டுமாயின் உயர் செயல்திறன் நீர்ம வண்ணப்பிரிகையே உரிய வழி.

வண்ணப்பிரிகை முறைகளின் பிறப்பே இலையோடு தொடர்புடையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியத் தாவரவியலார் ஸ்வெட், இலைச்சாற்றின் நிறமிகளைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் பிரித்ததே அதன் தோற்றுவாய். 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாய்லோவ், ஷ்ரைபர் ஆகியோர் கண்ணாடித் தகட்டின் மேல் அலுமினியம் ஆக்சைடைப் பரப்பி மூலிகைச் சாறுகளைச் சொட்டிட்டுப் பிரித்தனர். அவர்கள் வேண்டியது மூலிகை மருந்துகளை விரைவாகச் சோதிக்கும் ஒரு வழி. அம்முறையை 1950-களின் பிற்பகுதியில் செருமானியரான எகான் ஸ்டால் செம்மைப்படுத்தினார். மூலிகை ஆய்வு நவீனக் கருவிகளைப் பிற துறைகளிலிருந்து கடன்பெற்று வளர்ந்தது என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் பொருந்தாது.

உலர்களத்தில் உருவாகும் பொருள்

1978-இல் லெம்லியும் குவீலேயும் வெளியிட்ட ஆய்வு இதுவரை கூறியவற்றை மறுநோக்குக்கு உட்படுத்துகிறது. உயிருள்ள சென்னா இலையில் பெரும்பகுதியாக இருப்பவை ஒற்றை ஆந்திரோன் கிளைக்கோசைடுகள். இலை ஏறத்தாழ 20 முதல் 50 பாகை செல்சியசுக்குள் மெல்ல உலரும்போது, அதன் நொதிகளின் செயலால் இவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடு வகைகளாகின்றன. வெப்பம் மிகின் நொதிகள் செயலிழக்கின்றன. ஆந்திரோன்கள் இணையாமல் ஆக்சிஜனேறி ஆந்திராகுவினோன் வடிவத்துக்குச் செல்கின்றன.

உட்கொண்ட சென்னோசைடும் தானாகச் செயற்படுவதில்லை. சிறுகுடலில் உட்கவரப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்கப்பட்டு ரெயின்-ஆந்திரோனாக மாறிய பின்னரே மலமிளக்குகிறது. இலையில் ஒற்றையாய் இருந்தது களத்தில் இரட்டையாகி, குடலில் மீண்டும் ஒற்றையாகிறது. தரநூல் அளப்பது இடைப்பட்ட வடிவத்தை. கெடாமல் கடல் கடக்கவும், செரிமானத்தைத் தாண்டவும் வல்ல வடிவத்தை.

இதன் பொருளாதாரப் பொருளை மருந்தியல் நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுர மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதற்பறிப்பு தொடங்குகிறது. பறித்த இலையை நிழலில் மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, பச்சைநிறம் பெரிதும் மாறாமல் உலர்த்துவது வழிவழி வந்த முறை. குவித்து வைத்தால் புழுங்கிக் கருக்கும் என்பதும், கடுவெயில் ஆகாது என்பதும் அம்முறையின் விதிகள். இவ்விதிகள் காப்பது நிறத்தை மட்டும் அன்று. நொதி வேலை செய்யும் வெப்பநிலையையும் அவை காக்கின்றன. நிறம் பார்த்து இலையைத் தரம் பிரித்த பழைய வணிகரின் கண், வேதியியலாரின் 515 நானோமீட்டருக்கு முற்றிலும் அயலானது அன்று எனலாம்.

முற்றிய இலையில் சென்னோசைடின் விழுக்காடு குறையும். இளம் இலையில் கூடும். எடைக்கு விலை கிடைக்கும்போது காத்திருந்து பறிப்பது உழவர்க்கு ஊதியம். விழுக்காட்டுக்கு விலை கிடைக்கும்போது முன்பே பறிப்பது ஊதியம். தரத்தின் வரையறை எந்நாள் மாறுகிறதோ அந்நாளே பறிப்பின் நாளும் மாறுகிறது. ஆயினும் விழுக்காட்டை அளக்கும் கருவி களத்தில் இல்லை. வாங்குவோரின் ஆய்வகத்தில் இருக்கிறது. களத்தில் உருவாகும் தரத்துக்கு விலை வகுக்கும் எண், களத்தில் உழைப்போர் சரிபார்க்க இயலாத எண்ணாக உள்ளது.

சித்த மருத்துவமும் அளவைமுறையும்

1930–31-இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழுவின் தொடர்ச்சியாக 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. 1970-இல் காசியாபாத்தில் இந்திய மருத்துவத்துக்கான தரநூல் ஆய்வகம் நிறுவப்பட்டது. இந்தியச் சித்த மருந்துத் தரநூலின் முதற்பகுதியில், ஒவ்வொரு சரக்குக்கும் நுண்ணோக்கி அடையாளம், சாம்பல் அளவு, அமிலத்தில் கரையாச் சாம்பல், நீரிலும் சாராயத்திலும் கரையும் சாறின் அளவு, வண்ணப்பிரிகைப் புள்ளிகள் ஆகியன முதலில் தரப்படுகின்றன. தொடர்ந்து சுவை, குணம், வீரியம், பிரிவு, செய்கை ஆகியன தரப்படுகின்றன. இரு பகுதிகளும் ஒரே பதிவில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி அங்கு இல்லை.

நிலாவிரையைப் பொறுத்தவரை இவ்விடைவெளி நடைமுறைச் சிக்கலாகிறது. நிலவாகைச் சூரணத்தில் இவ்விலை தனித்து நிற்பதில்லை. பிற சரக்குகளோடு சேர்ந்தே மருந்தாகிறது. சென்னோசைடு அளவு, சூரணத்தின் பேதி வலிமையில் இலையின் பங்கைச் சொல்லும். உடன் சேரும் சரக்குகள் எதற்காக அங்கே உள்ளன என்பதை அது சொல்லாது. மேலும், 2.5 விழுக்காடு என்பது சாறு பிரித்து மாத்திரை செய்யும் தொழிலையும், இலையைத் தேநீர்போல் ஊறவைத்து அருந்தும் ஐரோப்பிய வழக்கத்தையும் நோக்கி வகுக்கப்பட்ட கீழெல்லை. அதற்கு மேல் எல்லை இல்லை. சாறு பிரிக்கும் ஆலைக்கு விழுக்காடு எவ்வளவு மிகினும் நன்று. எடையளவு கொண்டு சூரணம் இடிக்கும் மருத்துவருக்கோ, 2.5 விழுக்காடு இலையும் 4 விழுக்காடு இலையும் ஒரே மருந்து அல்ல. அவருக்கு வேண்டியது கீழெல்லையும் மேலெல்லையும் சேர்ந்த ஒரு வீச்சு.

ஆவிரையின் நிலை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. சென்னா வணிகத்துக்கு அது கலப்படம். நீரிழிவுக்குச் சித்த மருத்துவர் வழங்கும் ஆவாரைக் குடிநீருக்கோ அதுவே தலைமைச் சரக்கு. அங்கு நிலாவிரை இலை கலந்தால் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். கந்தக அமிலச் சோதனை நிலாவிரைக் குவியலில் சிவக்கும் ஓர் ஆவிரை இலையைக் காட்டிக்கொடுக்கும். ஆவிரைக் குவியலில் சிவக்காமல் கிடக்கும் ஒரு நிலாவிரை இலையைக் கண்டறிய அச்சோதனை எளிதில் உதவாது. வண்ணப்பிரிகைத் தகட்டில் சென்னோசைடின் புள்ளியைத் தேடித்தான் அதனை அறிய வேண்டும்.